ஜிம்னாஸ்டிக்ஸ் டிராம்போலின்களுக்கான தாங்கு சட்டக வடிவமைப்பு: நிலைத்தன்மையும் சரிசெய் வசதியும்

ஆய்வுச் சுருக்கம்

டிராம்போலின் பற்றிய பேச்சு பெரும்பாலும் துள்ளுவிரிப்பையும் சுருள்வில்களையும் சுற்றியே அமைகிறது. அவற்றைத் தாங்கும் சட்டகம் போதிய கவனம் பெறுவதில்லை. தாங்கு சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். அதே வேளையில் தரையின் மேடுபள்ளத்திற்கும் தேவையான உயரத்திற்கும் ஏற்பச் சரிசெய்யத்தக்கதாகவும் இருக்க வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றையொன்று எதிர்ப்பனபோல் தோன்றுகின்றன. சட்டகத்தின் மீது செயல்படும் விசைகளை எளிய இயந்திரவியல் கணக்குகளால் மதிப்பிட்டு, நிலைத்தன்மையைக் குலைப்பது குழாய்களின் வலுக்குறைவைவிட மூட்டுகளின் தளர்வே என்பதையும், சரிசெய் அமைப்பு இடமறிந்து வைக்கப்படுமாயின் அதுவே நிலைத்தன்மைக்குத் துணையாகும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டிராம்போலின், தாங்கு சட்டகம், நிலைத்தன்மை, திருப்புத்திறன், மூட்டுத் தளர்வு, திருகுக்கால்.

முன்னுரை

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1930களில் ஜார்ஜ் நிசன், லாரி கிரிஸ்வோல்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய கருவியே இன்றைய டிராம்போலினின் முன்னோடியாகும். இரும்புச் சட்டத்தில் சுருள்வில்களால் இழுத்துக் கட்டிய கித்தான் துணியே அதன் தொடக்க வடிவம். நிசனுக்கு 1945ஆம் ஆண்டு இதற்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகச் சாம்பியன் போட்டி 1964இல் லண்டனில் நடைபெற்றது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிராம்போலின் பதக்க விளையாட்டாக இடம்பெற்றது.

இந்த வளர்ச்சியில் கித்தான் துணி மறைந்து நைலான் நாடாப் பின்னல் வந்தது. தாவலின் உயரமும் கூடியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வீரர் காற்றில் இருக்கும் நேரமும் மதிப்பெண்ணில் சேர்க்கப்பட்டிருந்தது. பின்னர் விரிப்பின் நடுவிலிருந்து வீரர் எவ்வளவு விலகி இறங்குகிறார் என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. உயரத் தாவுவதும் நடுவிலேயே இறங்குவதும் போட்டியின் அளவுகோல்களாகிவிட்ட நிலையில், கருவி தன் இடத்தில் அசையாது நிற்கிறது என்ற உறுதி வீரருக்கு இன்றியமையாததாகிறது. சட்டகம் ஒரு சில மில்லிமீட்டர் ஆடினாலும் அடுத்த தாவலின் திசை மாறக்கூடும். சட்டகத்தின் ஒரு முனை எழுந்தால் வீரர் விழும் இடமே மாறிவிடும். எனவே சட்டகத்தின் நிலைத்தன்மை விளையாட்டின் நேர்மையோடும் வீரரின் உயிர்ப் பாதுகாப்போடும் தொடர்புடையது.

1. போட்டிக் கருவியின் அளவுகளும் அவற்றால் எழும் கட்டுப்பாடுகளும்

சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் நெறிமுறைப்படி போட்டி டிராம்போலினின் மேற்சட்டம் 5.05 மீட்டர் நீளமும் 2.91 மீட்டர் அகலமும் கொண்டது. துள்ளுவிரிப்பு 4.28 மீட்டர் நீளமும் 2.14 மீட்டர் அகலமும் உடையது. மேற்சட்டம் தரையிலிருந்து 1.155 மீட்டர் உயரத்தில் அமைகிறது. இவ்வளவுகளுக்குச் சிறு ஏற்றத்தாழ்வே அனுமதிக்கப்படுகிறது. ஐரோப்பாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் டிராம்போலின்களின் செயல்பாடு, பாதுகாப்புத் தேவைகள், சோதனை முறைகள் ஆகியவற்றை இ.என். 13219 என்னும் தரநிலை வரையறுக்கிறது.

போட்டிக் கருவியின் உயரம் நிலையானது எனில் சரிசெய் வசதி எதற்கு என்ற கேள்வி எழலாம். அதற்கான தேவைகள் மூன்று. முதலாவது, மட்டம் பார்த்தல். அரங்கத் தரை எங்கும் முழுச் சமதளமாக இருப்பதில்லை. கருவியும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றப்படுகிறது. இரண்டாவது, உயர மாற்றம். பயிற்சிக்கான கருவிகளிலும் ஓடிவந்து ஏறித் தாவும் சிறு டிராம்போலின்களிலும் உயரமோ சாய்வோ மாற்றப்பட வேண்டியுள்ளது. மூன்றாவது, மடித்து வைத்தல். பெரிய கருவி மடிக்கப்பட்டுச் சக்கரத் தாங்கிகளின்மேல் நகர்த்தப்படுகிறது. இம்மூன்று தேவைகளும் சட்டகத்தில் மூட்டுகளைப் புகுத்துகின்றன. மூட்டு இருக்கும் இடமெல்லாம் தளர்வுக்கும் இடமுண்டு.

2. சட்டகத்தை வந்தடையும் விசை

உயர்நிலை ஆடவர் போட்டிகளில் பத்துத் தாவல்களின் மொத்தப் பறப்பு நேரம் 17 முதல் 18 வினாடி அளவில் அமைகிறது. ஒரு தாவலுக்கு 1.8 வினாடி எனக் கொண்டால், வீரரின் உடல் நிறைமையம் ஏறத்தாழ 4 மீட்டர் எழுகிறது என்பது தடையிலா வீழ்ச்சிச் சமன்பாட்டால் பெறப்படும். விரிப்பைத் தொடும்போது அவரது வேகம் வினாடிக்கு 8.8 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டர்.

வீரர் விரிப்போடு தொடர்பில் இருக்கும் நேரம் 0.3 வினாடி எனக் கொள்ளலாம். ஒரே உயரத்தில் தொடர்ந்து தாவும் வீரரின் மீது ஒரு முழுச் சுழற்சியில் செயல்படும் சராசரி மேல்நோக்கு விசை அவரது எடைக்குச் சமமாக இருந்தாக வேண்டும். அந்த விசை முழுவதும் தொடர்பு நேரத்திற்குள்ளேயே செயல்படுகிறது. ஆகவே தொடர்பு நேரத்தின் சராசரி விசை எடையைப்போல் 2.1 வகுத்தல் 0.3, அதாவது 7 மடங்கு. விசை அரைச் சைன் வளைகோட்டின் வடிவில் ஏறி இறங்குகிறது எனக் கொண்டால் உச்ச விசை சராசரியைப்போல் 1.57 மடங்கு, எனவே எடையைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு. 80 கிலோகிராம் நிறையுள்ள வீரருக்கு எடை 785 நியூட்டன். சராசரி விசை ஏறத்தாழ 5,490 நியூட்டன். உச்ச விசை ஏறத்தாழ 8,630 நியூட்டன். இந்த விசை முழுவதும் சுருள்வில்கள், மேற்சட்டம், கால்கள் வழியாகத் தரையைச் சென்றடைகிறது.

இதே கணக்கு மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. மேற்கண்ட வேகத்திலும் தொடர்பு நேரத்திலும் விரிப்பு ஏறத்தாழ 0.84 மீட்டர் தாழ்கிறது. மேற்சட்டம் 1.155 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தரைக்கும் தாழ்ந்த விரிப்புக்கும் இடையே 0.3 மீட்டர் அளவே எஞ்சுகிறது. ஆதலால் விரிப்பின் நடுப்பகுதிக்கு அடியில் எந்தக் குறுக்குக் குழாயும் செல்லக் கூடாது. கட்டடச் சட்டகங்களில் எளிதாகப் பயன்படும் மூலைவிட்டத் தாங்குகளை இங்கு விரும்பிய இடத்தில் அமைக்க இயலாது. அவை பக்கவாட்டில், சுருள்வில்களுக்குக் கீழ் உள்ள குறுகிய பட்டையிலோ, தரையையொட்டித் தாழ்வாகவோதான் செல்ல முடியும். தாங்கு சட்டக வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

3. கவிழாமையும் கால்களின் அகல்வும்

வீரரின் விசை நான்கு பாதங்களையும் இணைக்கும் தாங்கு பரப்பிற்குள் செயல்படும் வரை சட்டகம் கவிழாது. அப்பரப்பிற்கு வெளியே செயல்படும்போது அவ்விசை சட்டகத்தைக் கவிழ்க்கும் திருப்புத்திறனை உண்டாக்குகிறது. சட்டகத்தின் சொந்த எடையே அதனை எதிர்க்கிறது.

சட்டகத்தின் நிறை 250 கிலோகிராம் என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 2,450 நியூட்டன். நீளவாக்கில் பாதங்களுக்கிடையே 3 மீட்டர் தொலைவு இருப்பின், மேற்சட்டத்தின் முனை பாதக்கோட்டைத் தாண்டி 1.025 மீட்டர் வெளியே நீண்டிருக்கும். சட்டகத்தின் எடை பாதக்கோட்டிலிருந்து 1.5 மீட்டர் உள்ளே செயல்படுவதால் எதிர்ப்புத் திருப்புத்திறன் 3,675 நியூட்டன் மீட்டர். முனையில் ஒருவர் அசையாமல் நின்றால் கவிழ்க்கும் திருப்புத்திறன் 805 நியூட்டன் மீட்டர் மட்டுமே, ஆபத்தில்லை. ஆனால் முனையில் செயல்படும் விசை ஏறத்தாழ 3,590 நியூட்டனைக் கடந்தால் எதிர்முனைக் கால்கள் தரையை விட்டு எழத் தொடங்கும். மேலே கணக்கிட்ட சராசரி விசையே இதனைவிட அதிகம்.

பாதங்களுக்கிடையே உள்ள தொலைவை 4 மீட்டராக்கினால் முனையின் நீட்சி 0.525 மீட்டராகக் குறைகிறது. எதிர்க்கும் நெம்புகோல் தூரம் 2 மீட்டராகிறது. இப்போது எழும்பத் தேவையான விசை ஏறத்தாழ 9,330 நியூட்டன். இது உச்ச விசையையும் விஞ்சியது. பாத இடைவெளியில் கூட்டிய 1 மீட்டர், சட்டகத்தின் எடையைச் சற்றும் கூட்டாமல் எதிர்ப்பை ஏறத்தாழ 2.6 மடங்காக்குகிறது. எடையைக் கூட்டுவதைவிடக் கால்களை அகற்றி வைப்பதே பயன்மிக்கது என்பது இதனால் தெளிவாகும். எடையைக் கூட்டினால் கருவியை நகர்த்துவோர்க்குச் சுமை கூடும். கால்களின் அகல்வுக்கு அந்தக் குறை இல்லை.

எழும்பும் எல்லையைக் கடந்தவுடன் சட்டகம் கவிழ்ந்தே தீரும் என்று கொள்ளவும் கூடாது. விசை செயல்படும் நேரம் மிகக் குறைவு. பெரும்பாலும் எதிர்முனை சிறிது எழுந்து மீண்டும் தரையில் மோதும். ஆனால் அந்த மோதலே மூட்டுகளைத் தளர்த்துகிறது; அடுத்த தாவலுக்கு ஆயத்தமாகும் வீரரின் நிலையையும் குலைக்கிறது. மறுபுறம், கடினமான மேற்சட்டத்தின் மீதே ஒருவர் நேராக விழுந்தால் தொடர்பு நேரம் குறைந்து விசை மேலும் உயரும். ஆகவே முனைகளில் மெத்தையும் தனித் தாங்கு மேடையும் அமைப்பது சட்டகக் கணக்கிற்கு மாற்றாகாது. அதற்குத் துணையாகவே அமையும்.

4. காலின் வலுவும் விறைப்பும்

கால்களின் வலு போதுமானதா என்பது அடுத்த கேள்வி. வெளிவிட்டம் 50 மில்லிமீட்டரும் சுவர்க்கனம் 3 மில்லிமீட்டரும் 1 மீட்டர் நீளமும் கொண்ட எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். எஃகின் யங் குணகம் 200 கிகாபாஸ்கல். அடி பிணைக்கப்பட்டு, தலை தடையின்றி அசையும் மிக மோசமான நிலையிலும், அழுத்தத்தால் வளைந்து நொடிவதற்கு ஆய்லரின் வாய்பாட்டின்படி ஏறத்தாழ 60,000 நியூட்டன் தேவை. ஒரு மூலைவிட்டத்தில் உள்ள இரு கால்களே சட்டகத்தின் எடையையும் உச்ச விசையையும் முழுமையாகச் சுமப்பதாகக் கொண்டாலும் ஒரு காலுக்கு 5,540 நியூட்டனே வருகிறது. செங்குத்துச் சுமையைப் பொறுத்தவரை பத்து மடங்குக்கு மேல் பாதுகாப்பு உண்டு.

பக்கவாட்டு விசையின் நிலை வேறு. வீரர் நடுவிலிருந்து விலகி இறங்கும்போது சுருள்வில்கள் சமச்சீராக நீள்வதில்லை. கிடைத்திசையிலும் ஒரு விசை தோன்றுகிறது. உச்ச விசையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 860 நியூட்டன் கிடைத்திசையில் செயல்படுவதாகக் கொள்வோம். தாங்குகள் இல்லாத நான்கு கால்களும் அதனைச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு காலின் தலையும் ஏறத்தாழ 2.9 மில்லிமீட்டர் விலகும். இது மீட்சி வளைவு; விசை நீங்கியதும் மறைந்துவிடும். நான்கு கால்களின் பக்கவாட்டு விறைப்பையும் 250 கிலோகிராம் நிறையையும் கொண்டு கணக்கிட்டால் சட்டகத்தின் இயல்பு அதிர்வெண் ஏறத்தாழ 5.5 ஹெர்ட்ஸ் எனக் கிடைக்கிறது. 0.3 வினாடித் தொடர்பு நேரத்திற்கு இணையான அதிர்வெண் 1.7 ஹெர்ட்ஸ் அளவினது. இரண்டிற்கும் இடையே மூன்று மடங்கு இடைவெளி உள்ளதால் ஒத்ததிர்வு அச்சம் பெரிதில்லை. பக்கங்களில் மூலைவிட்டத் தாங்கு சேர்ந்தால் அந்த இடைவெளி மேலும் விரியும்.

ஆயின் இக்கணக்குகள் அனைத்தும் சட்டகத்தை ஒரே துண்டாகக் கருதியவை. உண்மையான சட்டகம் மூட்டுகளால் ஆனது.

5. தளர்வு என்னும் மறைந்த அசைவு

உயரத்தை மாற்றுவதற்குப் பெரிதும் கையாளப்படும் முறை, ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாயைச் செருகி, துளைகளின் வழியே குறுக்கு முளையால் பூட்டுவதாகும். உட்குழாய் எளிதில் நகர வேண்டுமாயின் இரு குழாய்களுக்கும் இடையே சிறு இடைவெளி தேவை. அந்த இடைவெளி 1 மில்லிமீட்டர் எனவும், குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று 150 மில்லிமீட்டர் செருகியுள்ளன எனவும் கொள்வோம். உட்குழாய் 150க்கு 1 என்ற விகிதத்தில் சாய முடியும். மூட்டிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் அந்தச் சாய்வு 6.7 மில்லிமீட்டர் அசைவாகிறது. 860 நியூட்டன் விசை உண்டாக்கிய மீட்சி வளைவைப்போல் இது இரு மடங்குக்கும் மேல். இவ்வசைவுக்குப் பெரிய விசை எதுவும் தேவையில்லை என்பது கருதத்தக்கது. கையால் தள்ளினாலே சட்டகம் ஆடும்.

இவ்விடத்தில் தடித்த குழாயைப் பயன்படுத்துவது தீர்வாகாது. குழாயின் கனத்தை இருமடங்காக்கினாலும் தளர்வினால் வரும் அசைவு ஒரு மில்லிமீட்டரும் குறையாது. செருகு நீளத்தை 300 மில்லிமீட்டராக்கினால் அசைவு 3.3 மில்லிமீட்டராகிறது, இடைவெளியையும் 0.5 மில்லிமீட்டராகக் குறைத்தால் 1.7 மில்லிமீட்டராகிறது. செருகு பகுதியின் இரு முனைகளிலும் கடினப் பிளாஸ்டிக் வளையங்களை வைப்பதும், பக்கவாட்டுத் திருகால் உட்குழாயை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிப்பதும் தளர்வை மேலும் போக்கும். பக்கவாட்டுத் திருகின் பணி தளர்வை நீக்குவது மட்டுமே. செங்குத்துச் சுமையை அதன் உராய்வை நம்பி விடக் கூடாது. குறுக்கு முளையே அச்சுமையை ஏற்க வேண்டும்.

குறுக்கு முளையின் நிலையையும் பார்க்க வேண்டும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள முளை இரு இடங்களில் வெட்டுண்டால்தான் முறியும். 5,540 நியூட்டன் சுமைக்கு அதன் வெட்டுத் தகைவு ஏறத்தாழ 25 மெகாபாஸ்கல். இது மிகக் குறைவு. துளையின் விளிம்பில் குழாய்ச் சுவர் ஏற்கும் அழுத்தம் 77 மெகாபாஸ்கல். இதுவும் ஒரு முறைச் சுமைக்குத் தாங்கத்தக்கதே. ஆனால் நாளொன்றுக்கு 500 தாவல்கள், ஆண்டுக்கு 300 நாள்கள் எனக் கொண்டால் 1,50,000 முறை அச்சுமை ஏறி இறங்குகிறது. துளை சிறிது சிறிதாக நீள்வட்டமாகிறது, தளர்வு வளர்கிறது, தளர்ந்த மூட்டில் ஒவ்வொரு சுமையும் மோதலாக மாறுகிறது. முதல் நாளில் உறுதியாக நின்ற சட்டகம் நாளடைவில் ஆடத் தொடங்குவதன் காரணம் இதுவே. துளையைச் சுற்றித் தடித்த வளையத்தைப் பற்றவைத்துத் தாங்கு பரப்பைக் கூட்டுவது எளிய தடுப்பு முறையாகும்.

6. நான்கு கால்களின் சிக்கல்

மூன்று புள்ளிகள் ஒரு தளத்தை வரையறுக்கின்றன. மூன்று கால் முக்காலி எத்தரையிலும் ஆடாது நிற்பதும், நான்கு கால் மேசை சில தரைகளில் ஆடுவதும் இதனாலேயே. டிராம்போலின் நீள்சதுர வடிவினதாதலால் நான்கு கால்களைத் தவிர்க்க இயலாது. நான்காவது கால் தரையைத் தொடுவது சட்டகம் எவ்வளவு முறுக்கிக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு மூலையில் தரை 4 மில்லிமீட்டர் தாழ்ந்துள்ளது எனக் கொள்வோம். 4 மீட்டர் நீளத்தில் இது ஆயிரத்தில் ஒரு பங்கே, கண்ணுக்குப் புலப்படாது. சட்டகத்தின் எடையில் ஒவ்வொரு மூலைக்கும் வருவது ஏறத்தாழ 612 நியூட்டன். ஒரு மூலையை மற்ற மூன்றின் தளத்திலிருந்து 1 மில்லிமீட்டர் இறக்க 50 நியூட்டன் போதுமெனில், 4 மில்லிமீட்டர் இறங்க 200 நியூட்டன் தேவை. சட்டகம் தன் எடையாலேயே முறுக்கிக்கொண்டு நான்கு கால்களாலும் தரையைத் தொடும். முறுக்கு விறைப்பு மில்லிமீட்டருக்கு 200 நியூட்டனாயின் 800 நியூட்டன் தேவை. மூலையின் எடை அதற்குப் போதாது. அந்தக் கால் தரையைத் தொடாமல் தொங்கும்.

விறைப்பான சட்டகமே சமமற்ற தரையில் அதிகம் ஆடுகிறது என்பது வியப்பளிக்கும் முடிவு. தளர்ந்த சட்டகம் தரைக்கேற்ப வளைந்து கொடுக்கும். ஆனால் விரிப்பின் தளமும் அதனோடு முறுக்கிக்கொள்ளும். விறைப்பான சட்டகம் விரிப்பைச் சமதளமாக வைத்திருக்கும். ஆனால் ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்துவிடும். வீரர் அம்மூலையை நோக்கி இறங்கும்போது அக்கால் 4 மில்லிமீட்டர் விழுந்து தரையில் மோதும். எனவே விறைப்பைக் கூட்டும் வடிவமைப்பாளர், கால்களின் நீளத்தைத் தனித்தனியே திருத்தும் வசதியையும் உடன் அளித்தாக வேண்டும். சரிசெய் வசதியும் நிலைத்தன்மையும் பகையல்ல என்பதற்கு இது தெளிவான சான்று. விறைப்பு தரும் பயனை முழுமையாகப் பெறுவதற்குச் சரிசெய் வசதியே வழியாகிறது.

போட்டிகளில் வீரர் இறங்கும் இடத்தை அறியக் கருவியின் பாதங்களுக்கு அடியில் விசையளவித் தட்டுகளை வைக்கும் முறையும் வழக்கில் உள்ளது. நான்கு பாதங்களில் விழும் விசைகளின் விகிதத்திலிருந்து இறங்கிய இடம் கணிக்கப்படுகிறது. ஒரு பாதம் தரையை விட்டு எழுந்து மோதினால் அந்த மோதல் விசையும் அளவீட்டில் கலந்துவிடும். ஆகையால் பாதங்களின் நிலை வீரரின் மதிப்பெண்ணோடும் தொடர்புகொள்கிறது.

7. சரிசெய் அமைப்பின் இடமும் முறையும்

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு நெறி உருவாகிறது. பெரிய உயர மாற்றத்தையும் நுண்ணிய மட்டத் திருத்தத்தையும் ஒரே மூட்டில் ஏற்றக் கூடாது. முன்னதற்குத் துளையும் முளையும் ஏற்றவை. பின்னதற்குப் பாதத்தில் அமையும் திருகுக்கால் ஏற்றது.

24 மில்லிமீட்டர் விட்டமுள்ள தரநிலைத் திருகின் புரியிடைத் தூரம் 3 மில்லிமீட்டர். ஒரு முழுச் சுற்றுக்குப் பாதம் 3 மில்லிமீட்டரும், கால் சுற்றுக்கு 0.75 மில்லிமீட்டரும் நகரும். மேலே கண்ட 4 மில்லிமீட்டர் பள்ளத்தை ஒன்றேகால் சுற்றிலும் சற்றுக் கூடுதலாகவும் திருப்பி நிரப்பிவிடலாம். இத்திருகின் சாய்கோணம் ஏறத்தாழ 2.5 பாகை. உராய்வுக் குணகம் 0.15 எனில் உராய்வுக் கோணம் 8 பாகைக்கு மேல் வருவதால், அசையாச் சுமையில் திருகு தானாகச் சுழன்று இறங்காது. ஆனால் ஏறி இறங்கும் சுமையிலும் அதிர்விலும் புரிகளுக்கிடையே உராய்வு கணந்தோறும் தளரக்கூடும். எனவே பூட்டு நட்டு கட்டாயம். பூட்டு நட்டு திருகின் புரிகளை ஒரு பக்கமாக இழுத்து வைப்பதால் புரித் தளர்வும் நீங்குகிறது.

திருகுக்கால் தரையையொட்டி அமைவதால் அதன் நீட்சி குறுகியது. அதனைத் தேவைக்குமேல் வெளியே இழுத்தால் அதுவும் ஓர் ஆடும் காலாகிவிடும். பெரிய உயர வேறுபாட்டைத் திருகால் நிரப்ப முயலாமல், அதனைத் துளை மாற்றத்தால் நிரப்பிவிட்டுத் திருகை நுண்ணிய திருத்தத்திற்கு மட்டும் பயன்படுத்துவது முறையாகும்.

திருகின் முனை நேரடியாகத் தரையில் நிற்கக் கூடாது. 24 மில்லிமீட்டர் விட்டத்தில் 5,540 நியூட்டன் விழுந்தால் அழுத்தம் 12 மெகாபாஸ்கலாகும், மரத்தரை பள்ளமாகிவிடும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டைப் பாதத்தில் அது 0.7 மெகாபாஸ்கலாகக் குறைகிறது. தட்டைப் பாதம் பந்து மூட்டால் திருகோடு இணைந்தால் தரையின் சாய்வுக்கேற்பப் படியும். பாதத்தின் அடியில் மெல்லிய ரப்பர் உறை வழுக்கலைத் தடுக்கும். தடித்த மென்ரப்பரோ காலை மீண்டும் ஆட்டும்.

மூலைவிட்டத் தாங்கு எங்கே இணைகிறது என்பதும் முக்கியம். தாங்கின் கீழ்முனை செருகு மூட்டிற்கு மேலேயே முடிந்துவிட்டால், மூட்டின் தளர்வு தாங்கின் ஆட்சிக்கு வெளியே நின்றுவிடும். தாங்கு மூட்டைக் கடந்து கீழ்க்குழாயோடு இணைய வேண்டும்; உயரம் மாறும்போது அதன் நீளமும் மாறும்படி அமைய வேண்டும். அது இயலாதபோது, இரு கால்களின் பாதங்களையும் தரையையொட்டிச் செல்லும் ஒரு குழாயால் இணைப்பது அடுத்த நல்வழி. அக்குழாய் தாழ்வாக இருப்பதால் விரிப்பின் தாழ்வுக்கும் தடையாகாது.

8. மடிப்பு மூட்டின் தனித்தன்மை

மடிக்கும் கருவிகளில் வீரர் ஏறுவதற்கு முன்பே மேற்சட்டம் பெரும் விசையைச் சுமந்து நிற்கிறது. நீளப் பக்கத்தில் 36 சுருள்வில்கள், ஒவ்வொன்றும் 100 நியூட்டன் தொடக்க இழுவையில் உள்ளன எனக் கொண்டால், அப்பக்கம் 3,600 நியூட்டனால் உள்நோக்கி இழுக்கப்படுகிறது. அகலப் பக்கங்களிலும் இத்தகைய இழுவை உண்டு.

முனைப்பகுதி மேல்நோக்கிச் சிறிது மடிந்தாலும் விரிப்பின் இரு முனைகளும் நெருங்குகின்றன. சுருள்வில்களின் இழுவை குறைகிறது. அதாவது சுருள்வில்கள் முனைப்பகுதியை மடக்கவே முயல்கின்றன. விரிந்த நிலையில் அதனைத் தடுத்து நிறுத்துபவை முனைப்பகுதியின் எடையும் அதன் தாங்குகளும் பூட்டுகளுமே. மடிக்கும்போதும் விரிக்கும்போதும் முனைப்பகுதி திடீரெனத் துள்ளி எழுந்து கையையோ முகத்தையோ தாக்கும் ஆபத்து இதனால் வருகிறது. எனவே பூட்டு தன் இடத்தில் விழுந்தது கண்ணால் காணத்தக்கதாக இருக்க வேண்டும். கைப்பிடி, கீலிலிருந்து தொலைவில் அமைய வேண்டும். இரு பக்கமும் பயிற்சி பெற்றவர் நின்றே அதனைக் கையாள வேண்டும்.

9. சோதித்தறியும் முறை

தளர்வையும் மீட்சி வளைவையும் பிரித்தறிய எளிய சோதனையொன்று போதும். மேற்சட்டத்தின் மூலையில் ஓர் அளவுமானியைப் பொருத்தி, கிடைத்திசையில் விசையைச் சுழியிலிருந்து 500 நியூட்டன் வரை படிப்படியாகக் கூட்டிக் குறைத்து, பின் எதிர்த்திசையிலும் அவ்வாறே செய்து, விசைக்கும் நகர்வுக்கும் வரைபடம் வரைய வேண்டும். மூட்டுகள் இறுக்கமான சட்டகத்தில் வரைபடம் சுழியின் வழியே செல்லும் நேர்கோடாக அமையும். தளர்வுள்ள சட்டகத்தில் சுழியை ஒட்டி, விசை கூடாமலே நகர்வு கூடும் ஒரு கிடைப்பகுதி தோன்றும். அப்பகுதியின் நீளமே தளர்வு. கோட்டின் சாய்வே விறைப்பு. குறை மூட்டிலா குழாயிலா என்பதை வரைபடமே கூறிவிடும்.

கருவியை நிறுவும்போது பின்பற்ற வேண்டிய வரிசையும் இதிலிருந்தே பெறப்படுகிறது. முதலில் துளைகளால் உயரத்தை அமைக்க வேண்டும். அடுத்து மூலைவிட்டத் தாங்குகளை இணைக்க வேண்டும். பின்னர்த் திருகுக்கால்களால் மட்டம் பார்க்க வேண்டும். நான்கு பாதங்களின் அடியிலும் மெல்லிய தாளைச் செருகிப் பார்த்து, எதுவும் எளிதில் உருவ முடியாதபடி நிற்பதை உறுதிசெய்ய வேண்டும். இறுதியாகப் பூட்டு நட்டுகளை இறுக்க வேண்டும். முதல் பயிற்சி முடிந்த பிறகு அனைத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். முதல் சில நூறு தாவல்களில் மூட்டுகள் தம் இடத்தில் படிந்து சற்றுத் தளர்வது இயல்பாகும்.

முடிவுரை

டிராம்போலின் தாங்கு சட்டகத்தில் செங்குத்துச் சுமையைத் தாங்கும் வலுவுக்குப் பொதுவாகக் குறைவில்லை. சாதாரண எஃகுக் குழாயே அதனைப் பன்மடங்கு பாதுகாப்போடு ஏற்கிறது. நிலைத்தன்மையைக் குலைப்பவை வேறு மூன்று: கால்களின் போதாத அகல்வு, மூட்டுகளின் தளர்வு, தரையைத் தொடாத நான்காவது கால். இவை மூன்றும் குழாயின் கனத்தைக் கூட்டுவதால் நீங்குவன அல்ல. வடிவமைப்பால் மட்டுமே நீங்குவன.

பாத இடைவெளியை விரித்தல், செருகு நீளத்தைக் கூட்டுதல், சுமையை உராய்வுக்கு விடாமல் நேர்த்தொடுகையால் தரைக்குக் கடத்துதல், பெரிய மாற்றத்தையும் நுண்ணிய திருத்தத்தையும் இருவேறு இடங்களில் அமைத்தல் ஆகிய நெறிகளைப் பின்பற்றும் சட்டகம், சரிசெய்யும்போது எளிதில் நகரும். பூட்டிய பின் ஒரே துண்டாக நிற்கும். இங்குக் காட்டிய கணக்குகள் எளிமையாக்கப்பட்ட மாதிரிகளின் மேல் எழுந்தவை. உண்மையான கருவியொன்றை உருவாக்குவோர் தமது குழாய், மூட்டு, நிறை ஆகியவற்றின் அளவுகளை இக்கணக்குகளில் இட்டுப் பார்த்து, விசை–நகர்வுச் சோதனையால் அவற்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 4 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வீரர் தன் கீழிருக்கும் சட்டகத்தைப் பார்ப்பதில்லை. அது அங்கேயே, அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கையிலேயே அவர் தாவுகிறார். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை தருவதே தாங்கு சட்டக வடிவமைப்பின் பொறுப்பாகும்.